மூன்றாம் எண் பதில்

ஜூலை 8, செவ்வாய்

நாற்பத்தொரு மெசேஜ். எல்லாவற்றுக்கும் பதில் போட்டாயிற்று. பாலக்கரையிலிருந்து துவாக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திரும்பும்போதும் கிடைத்தது.

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது குத்புதீன். "எங்கிட்டதான் பேச மாட்டேங்குற, இதுலயாவது எழுது பஸீ" என்றார். பெரிய கடை வீதியில் மிக்ஸி பழுது பார்க்கும் கடைக்காரர், மனைவிக்கு நோட்டு வாங்கி வருகிறார். எதை எழுத? வேலையை எழுதலாம். தினமும் நடப்பது அது ஒன்றுதான்.

எங்கள் கம்பெனியில் மோல்டு செய்கிறார்கள். தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீன், ரப்பர் தவளை, ரப்பர் புழு ஆகியவற்றை வார்க்கிற அலுமினிய அச்சு. இரண்டு பாதியாக இருக்கும். சேர்த்து இறுக்கி, மேலே உள்ள வாயில் பெரிய சிரிஞ்ச் மாதிரி இருக்கும் இன்ஜெக்டரைப் பொருத்தி, கொதிக்கிற ப்ளாஸ்டிக்கை உள்ளே தள்ள வேண்டும். ஆறியதும் பிரித்தால் நெளிகிற மீன் ஒன்று கையில் வரும். விரால் அதை நிஜம் என்று நினைத்துக் கடிக்குமாம். நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை. ஆனால் எங்கள் மோல்டை யார் எங்கே வாங்கினாலும், சரியில்லை என்றால் அவர்களுக்குப் பதில் சொல்வது நான். மூன்று வருஷமாக.

பதில்கள் நான்கு. கம்பெனி போனில் எழுதி வைத்தவை. முதல் எண் பார்சலுக்கு. இரண்டாம் எண் விலைக்கு. நான்காம் எண் நன்றி. மூன்றாம் எண் குறை சொல்பவர்களுக்கு: 'மோல்டைத் துடைத்து, லேசாகச் சூடாக்கி, கிளாம்பை நன்றாக இறுக்கிய பின் வார்க்கவும். பெரும்பாலும் இது வார்க்கும் முறையால் வரும் குறை.'

இன்று அதை ஏழு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் ஸ்ரீரங்கம் மேலூரிலிருந்து ஆனந்தவள்ளி. ஐந்து அங்குல மீன் மோல்டு வாங்கியவர். வீட்டிலேயே ரப்பர் மீன் வார்த்து விற்கிறாராம். வாய்ப்பக்கம் ஒழுகுகிறது என்று படம் அனுப்பியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

ஜூலை 9

மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆனந்தவள்ளி மறுபடியும் எழுதியிருந்தார். "மேடம், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இப்பவும் ஒழுகுது. மீன் முதுகுல ஒரு கோடு விழுது. நாந்தான் ஏதாவது தப்பு பண்றேனா?"

ஒரே ஆளுக்கு ஒரே பதிலை இரண்டு தடவை அனுப்பக் கூடாது என்று சவரிராயன் சார் சொல்லியிருக்கிறார். அவர்தான் முதலாளி. அதனால் நானே ஒன்று எழுதினேன். 'இன்ஜெக்டரை வாயில் நன்றாகப் பதித்து, இன்னும் கொஞ்சம் அழுத்தமாகத் தள்ளிப் பாருங்கள்.'

இது எங்கிருந்து தோன்றியது என்று தெரியவில்லை. சிரிஞ்சை அழுத்தினால் உள்ளே போகும். அவ்வளவுதான் யோசித்தேன். 'சரிங்க மேடம், நன்றி' என்று உடனே வந்தது.

ஜூலை 14, திங்கள்

மத்தியானம் காளியாயி அக்காவுடன் உட்கார்ந்து சாப்பிட்டேன். மோல்டுகளைத் துடைத்துப் பெட்டியில் கட்டும் வேலை அக்காவுடையது. அதிகம் பேச மாட்டார். அதனால்தான் அங்கே போய் உட்காருகிறேன்.

இன்று பேச்சுக்கு, ஐந்து அங்குல மீனுக்கு நிறைய புகார் வருகிறது என்றேன். அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். அலமாரியிலிருந்து ஒரு மோல்டை எடுத்து, இரண்டு பாதியையும் சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்த வாயப் பாரு. வட்டமாவா இருக்கு?"

இல்லை. ஒரு பாதி நகர்ந்து, வட்டம் வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

"ஜூன் மாசம் மெஷின்ல பிடிமானம் நகந்துபோச்சு. அப்ப ஓடுனது அத்தனையும் இப்படித்தான். அன்னைக்கே சூப்பர்வைசர்ட்ட காட்டுனேன். நூல் அளவுதானக்கா, போவும், கட்டுங்கன்னாரு. கட்டிட்டேன்."

"இதுல வெச்சு அழுத்துனா என்னக்கா ஆகும்?"

"சிரிஞ்சு மூக்கு சரியா ஒக்காராது. உள்ள போறது வந்த வழியாவே திரும்பும். கொதிக்கக் கொதிக்க."

நான் டிபன் பாக்ஸை மூடினேன். மேஜைக்கு வந்து பார்த்தேன். அந்த வகையில் ஐம்பத்தேழு பேருக்கு அனுப்பியிருக்கிறோம். ஆனந்தவள்ளியின் பக்கத்தைத் திறந்து, 'கொஞ்சம் பொறுங்கள், வார்க்காதீர்கள்' என்று அடித்தேன். பிறகு சாரைக் கேட்காமல் எப்படி என்று தோன்றியது. சார் கோயம்புத்தூர் போயிருந்தார். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அழித்துவிட்டேன்.

ஜூலை 15

சாரிடம் சொன்னேன். மோல்டை வாங்கி அவரும் வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை போயிருக்கு?"

"அம்பத்தேழு சார்."

நாற்காலியில் சாய்ந்தார். பாய்லருக்குப் பாகம் செய்து தரும் ஆர்டர் நின்றுபோன பிறகு இந்த மீன் மோல்டை வைத்துத்தான் கம்பெனி ஓடுகிறது. அது எல்லோருக்கும் தெரியும். "நீங்களா யாருக்கும் எதுவும் எழுதிடாதீங்கம்மா. திருப்பி அனுப்புறவங்களுக்கு மாத்திக் குடுத்துடலாம். மத்தத ரெண்டு நாள்ல யோசிச்சுச் சொல்றேன்."

"சரிங்க சார்" என்றேன். வெளியே வந்து அடுத்த மெசேஜுக்குப் போனேன். அது முதல் எண் பதிலுக்கானது.

ஜூலை 16

நாற்பத்தாறு மெசேஜ். சார் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தது. ஆனந்தவள்ளி. எழுதாமல் ஏன் பேசியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"மேடம், நேத்து நீங்க சொன்ன மாதிரி அழுத்தித் தள்ளுனேன். திரும்பி அடிச்சிருச்சு. கிளவுஸ் போட்டிருந்தேன், அதுக்குள்ளயும் எறங்கி முழங்கை வரைக்கும் பட்டிருச்சு. கழுத்துலயும் பட்டிருக்கு. ஆஸ்பத்திரில கட்டு போட்டிருக்காங்க. டைப் பண்ண முடியல, அதான் பேசுறேன். இந்த மோல்டைத் திருப்பி அனுப்பணும்னா எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்?"

கோபமே இல்லாத குரல். அட்ரஸ் கேட்கிறார்.

'நீங்க சொன்ன மாதிரி.'

திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். செவ்வாய் தெரியும். புதன் தெரியும். புதன்கிழமை அவர் அழுத்தியிருக்கிறார்.

சாரிடம் போனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இயேசுவே" என்றார், மெதுவாக. பிறகு, "இப்போதைக்கு அட்ரஸ் மட்டும் அனுப்புங்க. வேற எதுவும் வேணாம்" என்றார்.

அட்ரஸ் அனுப்பினேன்.

ஜூலை 18

தொழுதேன். சோறு வடித்தேன். துணி காயப்போட்டேன்.

ஜூலை 19, சனி

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

பிப்ரவரியில் ஏழாவது மாதம் பிள்ளை அசையவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பண்ணிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க வலி. பெண் பிள்ளை. அழாத பிள்ளை. ஒரு துணியில் சுற்றிக் காட்டினார்கள், அப்புறம் குத்புதீனும் அவர் தம்பியும் அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். நான் கட்டிலில் இருந்தேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். ஏன் இப்படி? நான் பஸ்ஸில் போய் வந்ததாலா? ஏதாவது சாப்பிட்டேனா? அந்த மாதம் செக்கப்புக்கு ஒரு வாரம் தள்ளிப் போனேனே, அதனாலா? "சில நேரம் இப்படி ஆகும்மா. அடுத்த தடவை ஜாக்கிரதையா இருங்க" என்றார். மூன்று தடவையும் அதே வார்த்தை. அதே வரிசை.

ஜாக்கிரதையாக என்றால்? அப்போ இந்தத் தடவை நான் ஜாக்கிரதையா இல்லையா? அஞ்சு மாசமா இதே கேள்விதான். சமைக்கும்போது, பஸ்ல, தொழுகையில சஜ்தாவுல தலைய வெச்சிருக்கும்போது — நான் என்ன செஞ்சேன், நான் என்ன செஞ்சேன்.

டாக்டருக்குக் காரணம் தெரியாமலே இருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

எனக்குக் காரணம் தெரியும். எனக்குத் தெரிந்தும் நான் மேலூருக்கு அனுப்பியது ஒரு அட்ரஸ்.

ஜூலை 21

சாரிடம் மேலூர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"போகாதீங்கம்மா. நாம போனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீல்ட்ட பேசியிருக்கேன். இருபத்திரண்டு குடும்பம் இதை நம்பி இருக்கு."

"அவங்க கை சார்."

"தெரியும்மா" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பிப்ரவரியில் தொடங்கி நாற்பது நாள் நான் வராமல் இருந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை, சம்பளமும் பிடிக்கவில்லை. அது வேறு ஞாபகம் வருகிறது.

ஜூலை 23, புதன்

லீவு சொல்லிவிட்டு மேலூர் போனேன்.

ஒன்றாம் நம்பர் பஸ். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. பாலத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் இறங்கி ஆட்டோ. "பட்டாம்பூச்சி பார்க்குக்கா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். இல்லை, அதற்கு முன்னால் என்றேன். பார்சல் விலாசம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. வாழைத் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. கதவைத் திறந்தது அவரேதான். முப்பது வயது இருக்கும். வலது கை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டு. கழுத்தில் மருந்து தடவிய மூன்று புள்ளி. புர்காவைப் பார்த்துவிட்டு யாரோ வழி கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"நான் பஸீலா. மோல்டு கம்பெனியில இருந்து வர்றேன். உங்களுக்கு மெசேஜ் போடுறது நாந்தான்."

கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "ஆளு இருக்கீங்களா? மெஷினே பதில் போடுதுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. உள்ள வாங்க."

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சார்ப்பு. அதுதான் அவர் வேலை செய்யும் இடம். பழைய மைக்ரோவேவ், கலர் புட்டிகள், கயிற்றில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும் ரப்பர் மீன்கள். பச்சை, கறுப்பு, வயிறு மட்டும் சிவப்பு. எங்கள் மோல்டில் வார்த்தவை தனியாக ஒரு தட்டில் கிடந்தன. எல்லாவற்றுக்கும் முதுகில் கோடு. எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"இதெல்லாம் வெலை போகாது. விரால் பிடிக்கிறவன் முதுகத்தான் மொதல்ல தடவிப் பாப்பான்" என்றார். முக்கொம்பு, கொள்ளிடம், சுற்று வட்டாரக் குளம் எல்லாவற்றுக்கும் இவர் மீன்தான் போகிறதாம். கல்யாணத்துக்கு முன்னால் வாய்க்காலில் இவரே தூண்டில் போட்டிருக்கிறார். "எந்தக் கலர் எந்தத் தண்ணிக்குன்னு எனக்குத் தெரியும். அதான் ஆரம்பிச்சேன்."

நான் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் யோசித்து வைத்தபடி வரவில்லை.

"மோல்டுலதான் தப்பு. உங்க மேல எதுவும் இல்ல. வாய் நகந்திருக்கு. அதுல யாரு அழுத்தியிருந்தாலும் திரும்பித்தான் அடிச்சிருக்கும். அழுத்துங்கன்னு சொன்னது நான். அப்ப எனக்குத் தெரியாது. ஆனா திங்கட்கிழமை தெரிஞ்சிருச்சு. நீங்க புதன்கிழமை ஊத்தியிருக்கீங்க."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு நாளு."

"ஆமா."

"ரெண்டு நாளு என்ன பண்ணீங்க?"

"முதலாளிகிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

"போன் உங்க கையிலதானே இருந்துச்சு."

"ஆமா."

வெளியே வாழை இலை காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் கட்டுப்போட்ட கையை மேஜை மேல் மெதுவாக வைத்தார்.

"ஒரு வாரமா நான் என்னென்னமோ யோசிச்சுட்டேன்" என்றார். "சூடு அதிகமாயிருச்சா, கை நடுங்கிருச்சா, ஈரம் பட்டுருச்சான்னு. இவரு, உனக்கு இந்த வேலையே வேணாம், எல்லாத்தையும் எடைக்குப் போடுன்னுட்டாரு. நானும் சரின்னுட்டேன்." இடது கையால் போனை எடுத்தார். "எங்கிட்ட சொன்னத அவர்ட்ட சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டார். அவர் வீட்டுக்காரர் எங்கோ வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார், லாரி சத்தம் கேட்டது. நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். ரெண்டு நாளையும் சொன்னேன். அந்தப் பக்கம் "ம்" என்றார். பிறகு, "வள்ளி கேட்டுக்கிட்டு இருக்கா?" என்றார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரி. எடைக்காரன வர வேணாம்னு சொல்லிடுறேன்."

போனை வைத்துவிட்டார். ஆனந்தவள்ளி என்னை உட்காரச் சொல்லவில்லை. போய்ட்டு வாங்க என்றும் சொல்லவில்லை. வாசல் வரை கூட வந்தார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க. மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 24, வியாழன்

ஒன்பதரைக்கு ஆபீஸ். பத்து மணிக்குள் எழுதிவிட்டேன். ஐம்பத்தேழு பேருக்கும் ஒன்றே.

'ஜூன் மாதம் அனுப்பிய ஐந்து அங்குல மீன் மோல்டில் தயாரிப்புக் குறை இருக்கிறது. வாய்ப்பகுதி சரியாகச் சேரவில்லை. கொதிக்கும் ப்ளாஸ்டிக் திரும்பி அடிக்கும். ஒருவருக்குக் கை வெந்திருக்கிறது. தயவுசெய்து அதில் வார்க்க வேண்டாம். இதுவரை ஒழுகியிருந்தால் அது உங்கள் தவறு இல்லை. நீங்கள் கேட்டபோது நான் தவறான பதில் சொன்னேன்.'

அனுப்பினேன். காளியாயி அக்கா தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தேன், பேசினேன், வைத்தேன். சாயங்காலம் வரை அப்படித்தான்.

ஜூலை 25, வெள்ளி

சார் கூப்பிட்டார். மேஜை மேல் என் மெசேஜின் ப்ரிண்ட் இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன் சார். ரெண்டு நாள்ல சொல்றேன்னீங்க. பத்து நாளாச்சு."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "முப்பது வருஷம்மா. ஒரு பீஸ் கூட திரும்பி வந்ததில்ல. பாய்லருக்குப் போன பார்ட்டுல எம்பேரு இருக்கும்" என்றார். பிறகு கையை நீட்டினார். கம்பெனி போனைக் கொடுத்தேன். "திங்கட்கிழமையிலேர்ந்து வர வேணாம். எனக்கு வேற வழி தெரியல."

"சரிங்க சார்."

டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், தொழுகைக்கு விரிக்கும் முசல்லா. எடுத்துக்கொள்ள அவ்வளவுதான் இருந்தது. காளியாயி அக்கா கேட் வரை வந்தார். "நான் கட்டாம இருந்திருக்கணும்" என்றார். அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 26

மஃரிப் தொழுகை முடிந்து குத்புதீன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது, மேலூர், ரெண்டு நாள். டீ ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் ரெண்டு தடவ போனேன்" என்றார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. உனக்குத் தெரியாம. ஏன் இப்படி ஆச்சுன்னு எழுதியாவது குடுங்கன்னு கேட்டேன். அந்த டாக்டர் லீவு. இன்னொரு தடவ, ஃபைலு கெடைக்கலன்னாங்க. உங்கிட்ட வந்து என்னன்னு சொல்றது?"

அஞ்சு மாசம். ஒரே வீட்டுல. அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.

அப்புறம் நான் இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு கபரஸ்தான்ல வெச்சு, பிள்ளைக்குப் பேரு எதுவும் சொன்னீங்களா?"

"ஹஃப்ஸா" என்றார். "நீ முன்னாடி ஒரு தடவ சொன்ன பேருதான்."

நான் எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டத்தில் ஊரே ஸ்ரீரங்கம் பக்கம் நகர்ந்தது. ஆனந்தவள்ளிக்கு என் சொந்த நம்பரிலிருந்து 'கை எப்படி இருக்கிறது?' என்று அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஆகஸ்ட் 6

குத்புதீன் கடையில் உட்காருகிறேன். மிக்ஸி ஜாருக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காளியாயி அக்கா போன் செய்தார். "நாப்பத்தி ஒம்போது பேரு வாய் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. அத்தனையும் கோணலு. ஓசூர்ல ஒருத்தரு அன்னைக்கு சாயங்காலம் ஊத்துறதுக்கு எல்லாத்தையும் எடுத்து வெச்சிருந்தாராம். ஊத்தும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுற பழக்கமே இல்லையாம் அவருக்கு. உன் மெசேஜப் பாத்துட்டு மோல்டத் தூக்கி வெச்சுட்டாராம்."

"சார்?"

"மெஷின நிறுத்திட்டாரு. ஜூன் மாசச் சரக்கு மிச்சம் இருந்துச்சுல்ல, அத அவரே உக்காந்து உருக்கறதுக்குத் தனியா பிரிச்சாரு."

வைத்த பிறகு ஓசூர்க்காரரை நினைத்துப் பார்த்தேன். முகம் தெரியாது. மூன்றாம் எண் பதிலை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன், ஜூன் கடைசியில்.

ஆகஸ்ட் 19

சார் கடைக்கே வந்துவிட்டார். குத்புதீன் ஸ்டூல் போட்டார். உட்காரவில்லை.

"நேத்து மேலூர் போயிட்டு வந்தேன்மா" என்றார். "புது மோல்டு ஒண்ணு கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிச் செலவு நம்மளதுன்னு சொன்னேன். அதுக்கு சரின்னாங்க. மோல்டு வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க." ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஏன் வரலன்னு கேட்டாங்க. நிறுத்திட்டேன்னு சொன்னேன். அப்படியான்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு அங்க நிக்க முடியல."

கடைக்குள் ஒரு மிக்ஸி ஓடி நின்றது.

"திரும்ப வர்றீங்களா?"

"அந்த நாலு பதிலும் வேணாம் சார்."

"சரி."

"கட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் நானும் காளியாயி அக்காவும் பாப்போம். நாங்க வேணாம்னா போகக் கூடாது. சூப்பர்வைசர் சொன்னாலும்."

"நான் சொன்னாலுமா?" என்றார்.

"நீங்க சொன்னாலும்."

அவர் குத்புதீனைப் பார்த்தார். குத்புதீன் ஸ்க்ரூவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். "திங்கக்கிழமை வாங்க" என்றார் சார்.

ஆகஸ்ட் 25

போனேன். அதே பஸ். இடம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 11

இன்று மூன்று மோல்டைத் தள்ளி வைத்தோம். காளியாயி அக்கா வெளிச்சத்தில் பார்ப்பார், நான் மெல்லிய தகடு ஒன்றை இடையில் விட்டுப் பார்ப்பேன். அது நுழைந்தால் அந்த மோல்டு வெளியே போகாது. சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை. ஒரு நாளைக்குப் போகும் பெட்டி பாதியாகிவிட்டது. இருபத்திரண்டு பேரில் இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். என் கண்ணுக்கு எதிரேதான் கணக்குத் தீர்த்துக்கொண்டு போனார்கள். அதற்கும் நான்தான் காரணம் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

செப்டம்பர் 30

இன்று ஒருவர், ஆந்திரா பக்கம், மோல்டு ஒழுகுகிறது என்று போன் செய்தார். நாற்பது நிமிஷம் பேசினோம். கடைசியில் அவர் இன்ஜெக்டர் மூக்குதான் தேய்ந்திருந்தது. மோல்டில் குறை இல்லை. அதைக் கண்டுபிடித்ததும் அவரே சிரித்தார்.

அக்டோபர் 8

குத்புதீன் வேறு ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். பழைய ஸ்கேன், ரிப்போர்ட் எது இருந்தாலும் கொண்டு வரச் சொன்னாராம். பீரோவில் தேடினோம். நான்கு தாள் கிடைத்தது.

அக்டோபர் 13

அந்த டாக்டர் நான்கு தாளையும் படித்தார். "இதை மட்டும் வெச்சு எனக்குக் காரணம் தெரியலம்மா" என்றார். "ஆனா இதுல நீங்க செஞ்சதுனாலன்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல. பஸ்ஸு இல்ல, சாப்பாடு இல்ல, அந்த ஒரு வாரம் இல்ல." ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் கேட்ட வரிசையிலேயே.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். மூன்று பஸ் போயிற்று. குத்புதீன் அவசரப்படுத்தவில்லை.

நவம்பர் 5, புதன்

ஆர்டர் லிஸ்டில் ஒன்பதாவதாக மேலூர் விலாசம் இருந்தது. ஆனந்தவள்ளி. ஐந்து அங்குல மீன், ஒன்று. முழு விலை கட்டியிருந்தார். குறிப்பு எழுதுகிற கட்டத்தில் இப்படி இருந்தது:

'கை ஆறிடுச்சு, தழும்பு இருக்கு. கட்டுறதுக்கு முன்னாடி யார் பாத்தாங்களோ அவங்க பேர எழுதி உள்ள வைக்கவும். பேர் இல்லைன்னா பெட்டியைப் பிரிக்க மாட்டேன்.'

காளியாயி அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஐந்தாறு மோல்டை ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுத்தார். ஜன்னலுக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். தகட்டை நான்கு பக்கமும் விட்டுப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. சிரிஞ்ச் மூக்கை வாயில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. பிறகு எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன்.

ஒரு சின்ன தாளில் முதலில் அக்கா பெயரை எழுதினேன். அதற்குக் கீழே பஸீலா என்று எழுதி, மோல்டுக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினேன்.